ஹாலில் ஒரு காவிக் கோடு

"குழந்தைகளுக்குத் தனி அறை அமைப்பது எப்படி?" என்று பத்திரிகைகளில் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஆம்பூர்ப் பக்கம் பல வீடுகளில் இருப்பதே ஒரு ஹாலும் ஒரு சமையல்கட்டும்தான். அந்த ஹாலில்தான் வந்தவர்கள் உட்கார வேண்டும், ராத்திரி படுக்க வேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும். போதாததற்கு ஷூவும் தைக்க வேண்டும்!

தோலுக்கும் ஷூவுக்கும் பேர் போன ஊர் எங்களுடையது. 2019 வரை வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். கம்பெனிகளில் மிஷினில் தைப்பது போக, கையால் தைக்க வேண்டிய 'அப்பர்', அதாவது ஷூவின் மேல்பாகம், வீடுகளுக்கு வரும். ஏஜென்ட் பை பையாகக் கொண்டு வந்து போடுவார். துளை போட்ட தோலை ஊசி நூலால் இழுத்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். 2016-ல் 'ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட்' என்ற அமைப்பும் பெங்களூரு 'சிவிடெப்' அமைப்பும் மற்றும் சிலரும் சேர்ந்து எங்களைப் போன்ற பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவாகவே கிடைக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார்கள். விரல் காய்த்துப் போன எங்களுக்கு அது புது விஷயமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது இது. அப்போது என் சின்னவனுக்கு நான்கு வயது. பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தவன் காலில், நான் கீழே விட்டிருந்த ஊசி ஏறிவிட்டது. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அவன் முதுகில் ஒன்று வைத்தேன். "தோல் பக்கம் வராதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்தினேன். என் மாமியார் அவனைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "அவன் எங்கடி போவான்? வீடே கம்பெனியா இல்ல இருக்கு!"

டாக்டர் தடுப்பூசி அட்டையைப் பார்த்து மருந்து போட்டு அனுப்பினார். மாமியார் கேட்டது மட்டும் எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் நானும் அத்தையும் ஹாலை அளந்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஜன்னலோர மூலையில் ஐந்துக்கு ஆறு அடியைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினோம். வாசல் வழியும் சமையல்கட்டு வழியும் அதைத் தொடாது. சிமென்ட் தரையில் காவியைக் கரைத்து, கோலத்துக்குப் போடுவது போல் சுற்றிலும் கோடு போட்டார் அத்தை. "இதுக்குள்ள உங்க ராஜ்ஜியம்" என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

என் வேலை தரையை விட்டு மேலே ஏறியது. வாசல் பக்கம் ஒரு பழைய பெஞ்ச். அதன் மேல்தான் தையல். முதுகு வலியும் கொஞ்சம் குறைந்தது. ஊசிகளை எண்ணித்தான் எடுப்பேன், எண்ணித்தான் வைப்பேன். கையில் இல்லாத ஊசி ரப்பர் துண்டில் குத்தியிருக்கும். வேலை முடிந்ததும் எல்லாம் மூடி போட்ட பிஸ்கட் டின்னுக்குள் போய் அலமாரியின் மேல்தட்டில் உட்காரும். கடைசியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் கட்டித் தரையெல்லாம் இழுப்பேன். தவறி விழுந்த ஊசி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தோல் துண்டுகளையும் விளையாடக் கொடுப்பதில்லை. குரோம் போட்டுப் பதனிட்ட தோல் குழந்தை வாயில் வைக்கிற பொருளா?

விளையாட்டுச் சாமான் விஷயத்தில் அங்கன்வாடி டீச்சர் யோசனை சொன்னார். மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோம் நகரில் வேலைக்குப் போகும் ஏழைகளின் குடியிருப்பில்தான் முதல் பள்ளியைத் தொடங்கினாராம். பிறகு 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாராம். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் தட்டு, ஆளுக்கொரு பாய், எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது, இதெல்லாம் அவர் முறையாம். நாங்கள் இரண்டு தக்காளிப் பெட்டிகளை ஆணி தட்டி, உப்புத்தாள் தேய்த்து, படுக்க வைத்துத் தட்டு ஆக்கினோம். அதில் நாலைந்து சாமான்தான் இருக்கும். சொப்பு, மரக்கட்டைகள், பல்லாங்குழி, காலண்டர் அட்டையின் பின்பக்கம் நாங்களே வரைந்த பரமபதம். மற்றவை பரண் மேல். ஞாயிற்றுக்கிழமை மாற்றி வைத்தால் பழைய பொம்மையும் புதுசாகிவிடும்! பக்கத்து வீட்டுத் தவழும் குழந்தை வந்தால் சோழி, புளியங்கொட்டை எல்லாம் மேலே போய்விடும். பொத்தான் பேட்டரி போட்ட பொம்மை எங்கள் வீட்டில் கிடையாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விருந்தாளி வந்தால் பாயைச் சுருட்டினால் போதும், மறுபடி ஹால்.

இத்தோடு முடித்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன் ஏஜென்ட் இரண்டு மடங்கு வேலை போட்டார். "ரெண்டு நாள்தானே" என்று பைகளைக் காவிக் கோட்டுக்குள் அடுக்கினேன். இரண்டு நாள் இரண்டு வாரமானது. தட்டில் பொம்மைக்குப் பதில் நூல்கண்டு. ஒருநாள் பிள்ளைகள் விளையாடுவது காதில் விழுந்தது. பெரியவள்தான் ஏஜென்ட். "இந்தா இருபது ஜோடி. நாளைக்குக் காலையில வேணும்." சின்னவன் பழைய செருப்பில் கயிற்றை இழுத்தபடி, "கை வலிக்குதுங்க" என்றான். "வலிச்சா வேலை கிடையாது" என்றாள் என் பெண்.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். ஒன்பது வயதுக் குழந்தையின் ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு! எனக்கு உதவி என்று பள்ளி விட்டு வந்து நிஜமாகவே தைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று எழுதினால் பொய். கணக்கில் ஜோடி கூடுவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏஜென்டிடம் சொல்லி வேலையைக் குறைத்துக்கொண்டேன். "வேணாம்னா வேற வீட்டுக்குப் போயிடும்மா" என்றார். போகட்டும் என்றேன். மாதம் நானூறு, ஐநூறு ரூபாய் குறைந்தது உண்மை. அந்த மாதம் சீட்டுப் பணம் கட்டத் திண்டாடினோம். என் வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார். பெண்ணின் விரலைக் காட்டினேன். பேசாமல் பைகளை நகர்த்தினார்.

முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தில் 1976-லேயே திருத்தம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து தைக்கும் நமக்கு யார் காப்பகம் கட்டித் தரப் போகிறார்கள்? நம் பிள்ளைகளுக்கு இந்த ஹால்தான் காப்பகம்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் தோழிகளே, தீப்பெட்டி ஒட்டும் தோழிகளே, உங்கள் ஹாலிலும் ஒரு மூலையை முதலில் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மிச்சத்தில் நம் வேலையை வைத்துக்கொள்ளலாம். வேலை போக மிஞ்சுவதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது எங்கள் காவிக் கோடு அழிந்துவிடும். இப்போதெல்லாம் அதை மறுபடி போடுவது பிள்ளைகள்தான். என் பை கொஞ்சம் உள்ளே வந்தாலும் சின்னவன் விட மாட்டான். "அம்மா, கோட்டைத் தாண்டிட்ட!" என்பான். நானும் சிரித்துக்கொண்டே நகர்த்தி வைத்துவிடுகிறேன்.

- ஒரு வாசகி, ஆம்பூர்.