பானை ஓடு கேட்கும் வினா

நல்லூரில் உள்ள தொல்பொருள் நூதனசாலைக்கு ஆசிரியர் ஒருவர் மாணவரை அழைத்துச் செல்வதாகக் கொள்வோம். பிள்ளைகள் வரிசையாக நடக்கின்றனர், பொருள்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதுகின்றனர், வெளியே வருகின்றனர். கொப்பி நிறைந்துவிடும். கண் எதையேனும் கண்டதா என்பது ஐயமே.

இக்குறையை நீக்க உலகின் நூதனசாலைகள் பலவும் இணைய உலாவியிலேயே ஆடத்தக்க சிறுவர் விளையாட்டுக்களை அமைத்துள்ளன. கைபேசியிலோ பாடசாலைக் கணினியிலோ முகவரியைத் திறந்தாற் போதும், ஆட்டம் தொடங்கும். நம் குடாநாட்டிற்கும் அத்தகைய முயற்சி வேண்டற்பாலதே. ஆயினும், வினாத்தாளுக்கு வண்ணம் பூசி, சரியான விடைக்கு மணியோசை எழுப்புவது விளையாட்டாகாது; அது வேடமிட்ட பரீட்சை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் கிடைத்த பழைய மட்பாண்டங்களுள் கறுப்பு–சிவப்பு வகை சிறப்புடையது. அதன் உட்புறமும் விளிம்பும் கறுப்பு. புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. ஒரே மண்ணாலான பானைக்கு இரு நிறம் வந்தது எவ்வாறு? பிள்ளை திரையிலே பானையை நிமிர்த்தி வைத்துச் சுடட்டும். பின்னர்க் கவிழ்த்து வைத்துச் சுடட்டும். கவிழ்த்த பானையில் காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்புறமும் கறுக்கும். காற்றுப் பட்ட புறம் மண்ணிலுள்ள இரும்பினாற் சிவக்கும். அறிஞர் பலரும் கூறும் விளக்கம் இதுவே. அவ்வளவில் திரை, “இனி ஓட்டின் அருகே சென்று பார், கறுப்பு எங்கே முடிகிறது?” என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கண் திரையை விட்டுப் பொருளுக்குத் திரும்புவதே இவ்விளையாட்டின் வெற்றி.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் விளையாட்டுக்குத் துணிவு வேண்டும். 1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிலான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையில் ஒரு முத்திரையைக் கண்டெடுத்தனர். அதன் கீழ்வரியிலுள்ள மூன்று பிராமி எழுத்துக்களைக் ‘கோவேத’ என வாசித்தனர். மேல்வரியிலுள்ள குறிகளின் பொருளிலோ இன்றும் ஒருமித்த முடிவில்லை. இம்மண்ணின் பழமை பற்றிப் பெரியோர் பிணங்குவர். தத்தம் முடிவையே பிள்ளையின் வாயில் வைக்கவும் விரும்புவர். விளையாட்டு அதற்குக் கருவியாகலாகாது. பிள்ளை தன் ஊகத்தைச் சொல்லட்டும். அதற்குக் காரணமும் சொல்லட்டும். புள்ளி வழங்க வேண்டாம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஃபிளாஷ் என்னும் மென்பொருளில் ஆக்கப்பட்ட உலாவி விளையாட்டுக்கள், 2020 முடிவில் அதன் ஆதரவு நிறுத்தப்பட்டபின் இயங்காதொழிந்தன. ஈராயிரம் ஆண்டு மண்ணுட் கிடந்த ஓடு நிலைத்தது. பத்தாண்டு முன் ஆக்கிய விளையாட்டு நிலைக்கவில்லை. ஆதலின் எவரும் பேணத்தக்க பொது முறையில் அதனை ஆக்குக. அதன் வினாக்களைத் தாளிலும் எழுதி வைத்திடுக.

திரும்பும் வழியில் ஒரு பிள்ளை, “எங்கட பொங்கற் பானை உள்ளுக்கும் சிவப்பாத்தானே இருக்கு, சேர், அது ஏன்?” என்று கேட்குமாயின், அன்றைய பயணம் வீணாகவில்லை. அதற்கு விடை தேடி ஆசிரியரும் குயவர் சூளைக்குச் செல்லலாம். மாணவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.