சிவில் முடிச்சாச்சு, அடுத்து சுற்றுச்சூழல் பொறியியலா?

பௌர்ணமிக்கு மறுநாள் காலை அடி அண்ணாமலை பக்கம் கிரிவலப் பாதையைப் பாருங்கள். இரவு முழுக்க நடந்துபோன லட்சக்கணக்கானோர் விட்டுச் சென்ற பாட்டிலும் தட்டும் கிடக்கும். இத்தனை பேருக்குக் குடிநீர் எப்படிக் கொடுப்பது, கழிவுநீரை எங்கே சுத்திகரிப்பது, குப்பையை என்ன செய்வது? இதற்கெல்லாம் கணக்குப் போட்டு விடை சொல்லும் படிப்புதான் எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல்.

பி.இ. சிவில் படித்தவர்கள் இதைச் சென்னையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் படிக்கலாம். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. படிப்பு இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். ஏரி, கிணறு, பாசனம் மேல் ஆர்வம் என்றால் அங்கேயே நீர்வள மையத்தின் படிப்புகளும் உண்டு. "எல்லாரும் ஸ்ட்ரக்சுரல்தானே எடுக்கறாங்க" என்று மட்டும் முடிவு செய்யாதீங்க.

சேர இரண்டு வழி. ஒன்று, அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் 'சீட்டா பி.ஜி.' நுழைவுத்தேர்வு. இன்னொன்று, தேசிய அளவிலான 'கேட்' தேர்வு. எதை எழுதினாலும் 'டான்கா' கலந்தாய்வில்தான் இடம் கிடைக்கும். அப்புறம் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்களா? பணம்தான்! கேட் தகுதியோடு சேருபவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. சீட்டா மட்டும் எழுதிச் சேர்ந்தால் அது கிடையாது. விடுதிச் செலவை வீட்டில் கேட்கத் தயங்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

பலரும் கோட்டை விடுவது தேதியில். கேட் தேர்வு பிப்ரவரியில் என்றாலும் விண்ணப்பம் முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். சிவில் தாள் தவிர, சுற்றுச்சூழலுக்கென்றே தனித் தாளும் 2021 முதல் இருக்கிறது.

உதவித்தொகைக்கு உங்கள் பெயரில், ஆதார் இணைத்த சேமிப்புக் கணக்கு வேண்டும். அப்பாவோடு சேர்ந்த ஜாயின்ட் அக்கவுன்ட் செல்லாது. கல்லூரியில் சேர்ந்த பிறகு இதற்காக அலையாமல் இப்போதே பேங்க்கில் கேட்டு வைங்க.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். டான்காவுக்கு உங்களிடம் உள்ள மாநில அரசின் சாதிச் சான்று போதும். ஐ.ஐ.டி. மாதிரி மத்திய நிறுவனங்களுக்கும் விண்ணப்பித்தால், பி.சி., எம்.பி.சி. பிரிவினர் மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். பழைய பி.சி. சான்றைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். இ-சேவை மையத்திலோ, உங்கள் போனில் இ-சேவை இணையதளத்திலோ விண்ணப்பிக்கலாம். முதல் தடவை என்றால் முதலில் 'கேன்' எண் பதிவு செய்ய வேண்டும். மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும் என்பதால் கடைசி வாரத்தில் போய் நிற்காதீங்க. ஒப்புதல் ஆனதும் கியூஆர் கோடு உள்ள சான்றை டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

சீட்டா அறிவிப்பு அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் இணையதளத்தில் வரும். வாட்ஸ்அப்பில் "கடைசி நாள் நீட்டிப்பு" என்று வந்தால், அங்கே ஒரு தடவை பார்த்துவிட்டு நம்புங்கள்.