மூச்சை அடக்குவதும் விடுவதும்

முத்தெடுக்க விரும்புகிறவன் மூச்சை அடக்கக் கற்க வேண்டும் என்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கி வரும் அறிவுரை. மூச்சுக் கருவியை முதுகில் சுமந்து கடலுக்குள் இறங்குகிறவனுக்கோ, 'நீருக்குள் ஒருபோதும் மூச்சை அடக்காதே' என்பதே முதற்பாடம். இவ்விரண்டும் முரண்பட்டவையாகத் தோன்றினாலும் இரண்டும் உண்மையே. அஃது எவ்வாறு என்பதை இன்று காண்போம்.

சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை கடற்கரை ஓரமாகவே கல்லூரி மாணவர் குழு ஒன்றோடு சாலை வழியாகப் பயணம் செய்தேன். இடையில் புதுச்சேரியில் சிலர் மூச்சுக் கருவியுடன் மூழ்கக் கற்பதாக ஏற்பாடு. அதற்கு முன் மரக்காணத்தில் தங்கினோம். கடலைப் பற்றிய முதற்பாடத்தை அங்குள்ள உப்பளங்களே எங்களுக்குக் கற்பித்தன.

உப்பளத்தில் உவர்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் வற்றி, செறிவடைகிறது. அதன் செறிவை அறியக் கண்ணாடிக் கருவி ஒன்றை நீரில் மிதக்க விடுகிறார்கள். கடல்நீரில் அது ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். 25 டிகிரியை எட்டும்போது உப்புப் படியத் தொடங்கும். நீர் செறியச் செறியக் கருவி மேலெழுவது ஏன்? நீரின் எடை மிகுவதே காரணம். ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஒரு கிலோகிராம், கடல்நீர் 1.025 கிலோகிராம், உப்புப் படியும் நிலையில் உள்ள நீரோ ஏறத்தாழ 1.2 கிலோகிராம். எடை மிகுந்த நீர் பொருள்களை மேலே தள்ளும். ஆதலால் கிணற்றில் மூழ்குவதைவிடக் கடலில் மூழ்குவது கடினம். பழைய முத்துக்குளிப்பாளர் கல்லில் காலூன்றி இறங்கியதும், இன்றைய மூழ்குவோர் இடுப்பில் ஈயக் கட்டிகளை அணிவதும் இதன் பொருட்டே.

எடையுள்ள நீர் அழுத்தவும் செய்யும் அன்றோ? பத்து மீட்டர் உயரமுள்ள கடல்நீர்த் தூண், தன் அடியிலுள்ள ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் ஒரு கிலோகிராம் பாரத்தைச் சுமத்துகிறது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலத்தின் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவுதான். எனவே 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. 20 மீட்டரில் மும்மடங்கு. அழுத்தம் இரட்டித்தால் காற்றின் கன அளவு பாதியாகும் என்பதை ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்டார். பள்ளியில் நீங்கள் படித்த அவ்விதியே கடலுக்குள் உயிரைக் காக்கும் விதி.

முதலில் முத்துக்குளிப்பாளரை எண்ணிப் பாருங்கள். அவர் தோணியில் 6 லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு இறங்குகிறார் எனக் கொள்வோம். அக்காற்று 10 மீட்டரில் 3 லிட்டராகவும், 20 மீட்டரில் 2 லிட்டராகவும் சுருங்குகிறது. சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே வரும்போது மீண்டும் விரிந்து 6 லிட்டருக்குள்ளேயே நிற்கிறது. கொண்டுசென்றதற்கு மேல் சிறிதும் மிகாது. ஆகவே அவர் மூச்சை அடக்குவதால் நுரையீரல் வெடிக்காது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் அரசினர் நடத்திய முத்துக்குளிப்பிலும் இம்முறையே கையாளப்பட்டது.

மூச்சுக் கருவியின் நிலை வேறு. பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் கன்யானும் 1943இல் அமைத்த கருவி, உருளையில் அடைத்த காற்றை, மூழ்கியிருப்பவரைச் சூழ்ந்த நீரின் அழுத்தத்திற்கேற்ப அளிக்கிறது. இதனால் 10 மீட்டர் ஆழத்திலும் நெஞ்சில் முழு 6 லிட்டர் நிறைகிறது. அந்நிலையில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அக்காற்று 12 லிட்டராக விரிய முயலும். நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழிகள் குருதியில் புகுந்து மூளையை அடையலாம். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து வரும்போதுகூட இவ்விபத்து நேரக்கூடும்.

புதுச்சேரியில் பயிற்சி ஆழமற்ற நீரில் தொடங்கிற்று. கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மீண்டும் பொருத்திக்கொள்ள வேண்டும். அந்தச் சில விநாடிகளிலும் சிறு சிறு குமிழிகளாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீச்சலில் தேர்ந்த மாணவர்களே இதற்குப் பெரிதும் இடர்ப்பட்டனர். நீரைக் கண்டதும் மூச்சை அடக்குவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. மீண்டும் மீண்டும் செய்த பிறகே அப்பழக்கம் அவர்களை விட்டு நீங்கிற்று.

மற்றோர் ஆபத்தும் உண்டு. ஆழத்தில் நெடுநேரம் இருப்பவரின் உடலில் நைட்ரஜன் மிகுதியாகக் கரைகிறது. அவர் விரைந்து மேலெழுந்தால், திறந்த சோடாப் புட்டியைப் போல உடலுக்குள் குமிழிகள் எழும். இதனைப் பால் பேர் 1878இல் விளக்கினார். இடையிடையே தங்கி மேலே வரும் முறையை ஹால்டேன் 1908இல் வகுத்தளித்தார். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் மெல்ல எழும்படி இன்று பொதுவாக அறிவுறுத்துகிறார்கள்.

தூத்துக்குடியில் எங்கள் பயணம் முடிந்தது. அங்கே 1960களில் மகாதேவன், நாகப்பன் நாயர் முதலிய மீன்வள ஆராய்ச்சியாளர்கள் மூச்சுக் கருவியுடன் தாமே மூழ்கிக் கடலடி உயிர்களை ஆராய்ந்தனர். இன்றோ அங்குச் சங்கு குளிப்போர் பலர், படகிலுள்ள கம்பிரசரிலிருந்து நீளும் குழாய் வழியே காற்றை உட்கொண்டு, கடலடியில் நெடுநேரம் வேலை செய்கிறார்கள். முறையான பயிற்சியின்றி இறங்குவோரும் அவர்களுள் உளர். கை கால் செயலிழந்தவர்களும் உயிர் நீத்தவர்களும் உண்டு. மூச்சடக்கிய முன்னோரின் திறமையை இவர்கள் பெற்றிருக்கிறார்கள். ஆனால் ஆழத்தில் அழுத்தக் காற்றை உட்கொள்ளும்போது விதி மாறிவிடுகிறது.

கரையில் சந்தித்த முதிய சங்கு குளிப்பாளர் ஒருவர், "இறங்குவதுதானே கடினம், ஐயா? மேலே வருவதில் என்ன ஆபத்து?" என்று கேட்டார். மாணவர் ஒருவர் சோடாப் புட்டி ஒன்றைத் திறந்து, பொங்கி எழுந்த குமிழிகளைக் காட்டினார். பெரியவர் அதையே சற்று நேரம் நோக்கியிருந்தார். பிறகு, "தம்பி, இதை என் மகனிடம் சொல்லுங்கள். அவன்தான் இப்போது குழாயோடு இறங்குகிறான்" என்றார். அன்று மாலை மாணவர்கள் அவர் வீட்டிற்குச் சென்று, பாயில் விதியை மகனுக்கு எளிய தமிழில் எடுத்துரைத்தார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களுள் கடலில் மூழ்கப் போகிறவர்கள் சிலரே. ஆனால் பாடநூலில் உள்ள ஒரு விதியை, அது யாருக்கு உயிர்க்காப்போ அவர்களிடம் கொண்டு சேர்ப்பது உங்கள் எல்லோராலும் இயலும்.