நெடுநடையும் பாதணியும்: தவிர்க்கக்கூடிய துன்பம்

கதிர்காமத் திருவிழாவை முன்னிட்டு யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரை அடியார்கள், முல்லைத்தீவு மண்ணைக் கடந்து திருகோணமலையை வந்தடையும் காட்சி இத்துறைமுக நகர மக்களுக்குப் பழக்கமான ஒன்றாகும். இங்கு தங்கி இளைப்பாறும் அவர்கள், பின்னர் கிண்ணியா, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்பை அடைந்து, உகந்தையையும் கூமுனை, யால வனப்பகுதிகளையும் தாண்டி மாணிக்க கங்கைக் கரையைச் சென்றடைகின்றனர். தொடக்கத்திலிருந்து நடப்போருக்கு இது ஒன்றரை மாதத்துக்கும் மேற்பட்ட பயணம். அவர்களை வரவேற்று அன்னமிடுவோர் முதலில் காண்பது களைத்த முகங்களை. அடுத்துக் காண்பது கொப்புளம் கண்ட பாதங்களை.

இக்கொப்புளங்களை யாத்திரையின் ஓர் அங்கமாகவே கருதும் மனப்பாங்கு நம்மிடையே உண்டு. ஹஜ், உம்றா கடமைகளை நிறைவேற்றிவிட்டுத் திரும்பும் முஸ்லிம் சகோதரர்களும் கால்வலியையும் புண்ணையும் பற்றிக் கூறக் கேட்கின்றோம். பக்தியோடு தாங்கிக்கொள்ளும் துன்பத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் கொப்புளம் என்பது விதியாலோ உடற்பலவீனத்தாலோ வருவதன்று. அது ஈரமும் உராய்வும் சேர்ந்து உண்டாக்கும் காயம். அதன் காரணம் அறியப்பட்டுள்ளமையால் பெரும்பாலும் தவிர்க்கவும் கூடியது. நீரிழிவு நோயாளரைப் பொறுத்தவரை, அதனைத் தவிர்ப்பது பாதத்தையே காப்பாற்றிக்கொள்வதற்கு ஒப்பானதாகும்.

கொப்புளம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை ஒரு சிறு சோதனையால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு விரல் நுனியை மறு புறங்கையின் மீது வைத்து, அது வழுக்கிவிடாதபடி அழுத்தி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மேற்தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு நகரும். அடியிலுள்ள எலும்போ அசையாதிருக்கும். இடைப்பட்ட தோற்படைகள் இரு பக்கமும் இழுபடும். நடக்கும்போதும் இதுவே நிகழ்கின்றது. தோல் பாதணியோடு ஒட்டிநிற்க, எலும்பு உள்ளே முன்னும் பின்னும் நகர்கின்றது. ஆயிரக்கணக்கான எட்டுக்களின் பின்னர் தோற்படைகளுக்கு இடையே கிழிவு ஏற்பட்டு, அவ்விடைவெளியில் நீர் கோர்க்கின்றது. எனவே கொப்புளம் என்பது மேற்தோல் தேய்வதால் வருவதல்ல, தோலின் உட்படை கிழிவதால் வருவது. அந்நீருக்கு அடியில் ஒரு நாளுக்குள் புதிய கலங்கள் உருவாகத் தொடங்குகின்றன. ஏறத்தாழ ஐந்து நாட்களில் புதிய மேற்படை அமைந்துவிடும். உடல் தானாகவே செய்யும் இந்தப் பழுதுபார்ப்பு நிறைவடையும்வரை மேற்தோலே அதற்குக் கூரையாகும்.

உலர்ந்த தோலைவிட ஈரலிப்பான தோலில் உராய்வு அதிகம். கச்சான் காற்று அனல் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் சப்பாத்தினுள் வியர்வையில் ஊறும் பாதமும், காலைக் கழுவியவுடன் துடைக்காமல் செருப்பினுள் நுழைக்கப்படும் பாதமும் ஒரே ஆபத்தை எதிர்நோக்குகின்றன. நாளொன்றுக்கு ஐந்து வேளை வுழூச் செய்வோர் இதனைச் சிறப்பாகக் கவனத்திற் கொள்ளவேண்டும். கால் கழுவியபின் விரலிடுக்குகளையும் துணியால் ஒற்றி உலர்த்திய பின்னரே பாதணி அணிதல் நன்று. கொப்புளம் மட்டுமன்றி, விரலிடுக்கில் தோன்றும் பங்கசுத் தொற்றும் இதனாற் குறையும்.

பாதணியைத் தெரிவு செய்வதில் நாம் பெரும்பாலும் விலையையும் தோற்றத்தையுமே பார்க்கின்றோம். இலக்கத்தைச் சொல்லிக் கேட்டு, அமர்ந்தபடியே காலை நுழைத்துப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகின்றோம். நெடுநடைக்கு இது போதாது. பகல் முழுவதும் நடமாடிய பின் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆகையால் மாலை வேளையில் கடைக்குச் செல்லுதல் வேண்டும். நின்ற நிலையில் இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்திற்கு ஏற்றதை வாங்கவேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலத்துக்கு இடைவெளி இருத்தல் அவசியம். விரல்கள் உள்ளே விரிந்து அசையவேண்டும். குதிக்கால் மட்டும் அசையாமல் பிடிபட்டிருக்கவேண்டும். கையால் வளைத்துப் பார்த்தால், விரல்கள் தொடங்கும் இடத்தில் வளைவதே நல்ல சப்பாத்து. நடுப்பாதத்தில் மடங்குவது நீண்ட தூரத்துக்கு உதவாது.

வாங்கிய பாதணியை யாத்திரை புறப்படும் நாளன்று முதன்முதலாக அணிவதைப் போன்ற தவறு வேறில்லை. குறைந்தது இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்னரே அதனை வீட்டைச் சுற்றியும், பின்னர் கடற்கரை வீதியிலும், அதன்பின் சில கிலோமீற்றர் தூரத்துக்கும் அணிந்து நடந்து, பாதணியைப் பாதத்துக்கும் பாதத்தைப் பாதணிக்கும் பழக்கவேண்டும். சிறிது சிறிதாகப் பழக்கப்பட்ட தோல் தடித்து உறுதிபெறும் என்பதால், வெறுங்காலுடன் நடக்க நேர்த்தி வைத்திருப்போருக்கும் இம்முன்பயிற்சி அவசியமாகும்.

நம்மவர் பெரிதும் அணிவது இரண்டு விரல்களுக்கிடையே வார் செல்லும் இறப்பர் செருப்பையே. வீட்டு முற்றத்துக்கும் சந்தைக்கும் அது ஏற்றது. ஆனால் அது கழன்றுவிடாதபடி ஒவ்வோர் எட்டிலும் விரல்கள் அதனை இறுகப் பற்றவேண்டியுள்ளது. இடைவார் விரலிடுக்கை அறுக்கின்றது, குதிக்காலோ பிடிப்பின்றித் தட்டுகின்றது. பல மணி நேரம் நடப்போருக்குக் குதிக்காலைச் சுற்றிப் பின்வார் உள்ள, அகலமான, தடித்த அடித்தளம் கொண்ட செருப்பே பொருத்தமானது. சப்பாத்து அணிவோர், மேஸ் என நாம் வழங்கும் காலுறையிலும் கவனம் செலுத்தவேண்டும். பருத்தி மேஸ் வியர்வையை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தை வெளியேற்றும் செயற்கை இழை அல்லது கம்பளி கலந்தவை மேலானவை. மெல்லிய ஒன்றின் மேல் தடித்த ஒன்றை அணிந்தால், உராய்வு தோலில் நிகழாமல் இரு மேஸ்களுக்கும் இடையே நிகழும். நண்பகலில் நிழல் கண்ட இடத்தில் அவற்றைக் கழற்றி, காலை உலர்த்தி, மாற்றுச் சோடியை அணிதல் சிறப்பு.

வஸ்லின், தேங்காய் எண்ணெய் பூசி நடப்பது நம்மிடையே பழகிய வழி. அது தொடக்கத்தில் உராய்வைக் குறைக்கின்றது என்பது உண்மையே. எனினும் சில மணி நேரத்தில் அது உறிஞ்சப்பட்டதும் உராய்வு முன்பிருந்ததைவிட அதிகரிக்கக்கூடும். எனவே பூசுவோர் இடையிடையே மீண்டும் பூசவேண்டும். இதைவிட எளியதும் மலிவானதும் மருந்தகங்களில் காயங்களுக்கு ஒட்டக் கிடைக்கும் கடதாசிப் பிளாஸ்டர். பாலைவனங்களில் பல நாட்கள் தொடரும் 250 கிலோமீற்றர் ஓட்டப் போட்டிகளில் பங்குபற்றிய 128 பேரைக் கொண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக வைத்தியர்கள் நடத்திய ஆய்வொன்று 2016 இல் வெளியானது. வழக்கமாகக் கொப்புளம் காணும் இடங்களில் இப்பிளாஸ்டரை முன்கூட்டியே ஒட்டியதால் கொப்புளங்கள் 40 சதவீதம் குறைந்தமை அதிற் தெரியவந்தது. ஆனால் பிளாஸ்டர் ஒட்டிய இடத்தில் நீர் படாது என்பதால், தொழுகையைக் கடைப்பிடிப்போர் வுழூவுக்கு முன் அதனை அகற்றிப் பின் புதிதாக ஒட்டலாம். காயத்தின் மீது ஒட்டியிருப்போர் மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தெளிதல் நன்று.

நடக்கும்போது ஓரிடத்தில் சூடும் எரிவும் தோன்றுவது கொப்புளத்தின் முன்னறிவித்தல். அடுத்த தங்குமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடையைத் தொடர்வோரே பெரும்பாலும் மறுநாள் நொண்டுகின்றனர். உடனே நின்று, பாதணியைக் கழற்றி, மணலையோ கல்லையோ அகற்றி, காலை உலர்த்தி, அவ்விடத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வதற்கு ஐந்து நிமிடங்கள் போதும்.

கொப்புளம் வந்துவிட்டால் என் செய்வது? சிறியதாயின் உடைக்காமல் மூடிப் பாதுகாத்தலே போதுமானது. பெரியதாகவும் நடக்கவியலாத வலியுடையதாகவும் இருப்பின், சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, கிருமிநீக்கிய ஊசியால் அதன் ஓரத்தில் துளையிட்டு நீரை வெளியேற்றலாம். மேற்தோலை மட்டும் உரித்தெடுக்கவே கூடாது. கொப்புளத்தினூடாக நூல் கோத்து விடுதல், சாம்பல், பற்பசை முதலியவற்றைப் பூசுதல் ஆகிய வழக்கங்கள் கிருமிக்கு வழிதிறந்து விடுபவை. சுற்றியுள்ள இடம் சிவந்து பரவுதல், சீழ், காய்ச்சல் ஆகியன தோன்றினால் தாமதியாது வைத்தியசாலையை நாடவேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் புறப்படுமுன்னரே விசாரித்தறிதல் நலம்.

மேற்கூறிய எதுவும் நீரிழிவு நோயாளருக்கு அப்படியே பொருந்தாது. நீண்டகால நீரிழிவு பாதத்தின் நரம்புகளைப் பாதித்து உணர்ச்சியை மழுங்கச் செய்கின்றது. எரிவு என்னும் முன்னறிவித்தலே அவர்களுக்குக் கிடைப்பதில்லை. வெப்பநிலை 35 பாகை செல்சியஸை எட்டும் நண்பகலில் தார் வீதி 60 பாகையை அண்மிக்கக்கூடும். அச்சூட்டில் சில நொடிகளே தோலைச் சுடப் போதுமானவை. உணர்வற்ற பாதம் அதன்மேல் மணிக்கணக்காக நடக்கும். இரத்தோட்டம் குறைந்த காலில் சிறு கொப்புளம் ஆறாப் புண்ணாகி, ஈற்றில் விரலையோ காலையோ அகற்றும் நிலைக்கு இட்டுச் செல்வதை வைத்தியர்கள் நன்கறிவர். ஆகவே அவர்கள் புறப்படுமுன் சிகிச்சை நிலையத்தில் பாதத்தின் உணர்ச்சியைப் பரிசோதித்துக் கொள்ளவேண்டும். வீதியில் வெறுங்காலுடன் நடத்தலாகாது. அணியுமுன் பாதணியை உதறி, உள்ளே கையால் தடவிப் பார்க்கவேண்டும். மாலைதோறும் உள்ளங்காலைக் கண்ணாடியிலோ உடன்வருவோரைக் கொண்டோ பார்த்துக்கொள்ளவேண்டும். கொப்புளம் கண்டால் தாமே துளையிடாது வைத்தியரிடம் செல்லவேண்டும்.

புனித மக்கா செல்வோருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். ஸபா, மர்வா குன்றுகளுக்கிடையிலான ஏழு நடைகள் மட்டுமே மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். தவாபும், மினா, அரபா, முஸ்தலிபா இடையிலான நடையும் இதற்குப் புறம்பானவை. இஹ்ராம் நிலையில் ஆண்கள் காலுறையோ மூடிய சப்பாத்தோ அணிவதில்லை என்பதால், பழகிய நல்ல செருப்பே அவர்களுக்குத் துணை. பெண்களுக்கு அத்தடை இல்லை. பள்ளி வாசலில் விட்ட செருப்பு கூட்டத்தில் காணாமற்போக, கொதிக்கும் வெளித்தரையில் வெறுங்காலுடன் நடந்து பாதம் சுட்டுக்கொள்ளும் ஹாஜிகள் உளர். சிறு துணிப்பையில் செருப்பை இட்டுத் தம்முடனேயே வைத்துக்கொள்வது இத்துன்பத்தை முற்றாகத் தவிர்க்கும்.

நேர்த்திக்கடனை எவ்வாறு நிறைவேற்றுவது என்பது அடியாரின் உள்ளத்துக்குரியது. அதில் தலையிடுவது நமது நோக்கமன்று. வெறுங்காலுடனேயே செல்வேன் என உறுதிபூண்ட உடல்நலமுள்ளோர், விடியுமுன் புறப்பட்டு வெயில் ஏறுமுன் தங்கியும், மாலையில் தார் ஆறிய பின் மீண்டும் நடந்தும், இயன்றவரை வீதியோர மண்ணில் கால் பதித்தும் செல்லலாம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், படகுத்துறையில் காத்திருக்கும் நிலை நீங்கியது. பயணம் எளிதாயிற்று. ஆனால் காத்திருப்பில் கால்களுக்குக் கிடைத்த கட்டாய ஓய்வும் அதனோடு போயிற்று. அவ்வோய்வை இனி நாமே திட்டமிட்டு ஏற்படுத்திக்கொள்ள வேண்டியுள்ளது.

இதில் யாத்திரிகர்களுக்கு மட்டுமன்றி, அவர்களை வரவேற்கும் நமக்கும் பங்குண்டு. அன்னதானமும் தாகசாந்தியும் வழங்கும் இடங்களில், கால் கழுவச் சுத்தமான நீர், துடைக்கத் துணி, அமர நிழல், சில சுருள் பிளாஸ்டர், முதலுதவி அறிந்த ஓர் இளைஞர் ஆகியவற்றையும் ஏற்பாடு செய்தல் பெருஞ்செலவுடைய காரியமன்று. கதிர்காமத்தில் முருகன் ஆலயத்தின் அருகிலேயே பள்ளிவாசலும் அமைந்திருக்க, திருவிழாக் காலத்தில் அங்கும் கொடியேற்றப்படுகின்றது. அத்தலத்தை நோக்கிச் செல்லும் பாதங்களுக்குக் கிண்ணியாவிலும் மூதூரிலும் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் இணைந்து மருந்திடும் ஒரு சிறு பந்தலை அமைப்பார்களாயின் அது மிகப் பொருத்தமான பணியாக அமையும். ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் சுகாதாரப் பகுதியினரும் அடுத்த யாத்திரைக் காலத்துக்கு முன்னரே இதனைச் சிந்திக்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.