மீன்தொட்டியில் தொடர் மீன் இறப்பு

வீட்டு நன்னீர் மீன்தொட்டி ஒன்றில் மீன்கள் குறுகிய காலத்திற்குள் ஒன்றன்பின் ஒன்றாகவோ கூட்டமாகவோ இறப்பதும், அவற்றிற்கு மாற்றாக விடப்படும் மீன்களும் அவ்வாறே இறப்பதும் தொடர் மீன் இறப்பு எனப்படும். முதுமையாலோ காயத்தாலோ தனி மீன் ஒன்று இறப்பது இதில் அடங்காது. நோயே காரணம் எனக் கருதி மருந்து ஊற்றுவது பரவலான வழக்கம். ஆயினும், புதிதாக அமைக்கப்பட்ட தொட்டிகளில் பெரும்பாலும் காரணமாக அமைவது நீரின் வேதியியல் நிலையே ஆகும். நீர் தெளிவாக இருப்பது அது நஞ்சற்றது என்பதற்குச் சான்றாகாது. அமோனியா, நைட்ரைட்டு, குளோரின் ஆகியவை மீனைக் கொல்லும் அளவில் கரைந்திருக்கும்போதும் நீரின் நிறத்தை மாற்றுவதில்லை. காரணத்தை அறியாமல் புதிய மீன் வாங்கி விடுவதால் அதே இறப்பு மீண்டும் நிகழ்கின்றது.

நைட்ரசன் சுழற்சி

மீன் உண்ணும் புரதத்தில் உள்ள நைட்ரசனின் பெரும்பகுதி, அமோனியாவாக அதன் செவுள்களின் வழியே நீரில் வெளியேறுகின்றது. எஞ்சிய உணவும் கழிவும் அழுகும்போதும் அமோனியா உண்டாகின்றது. ஏரியிலும் ஆற்றிலும் நீரின் அளவு மிகுதி, மீன்கள் குறைவு. தொட்டியில் நிலைமை இதற்கு நேர்மாறானது. தொட்டியில் அமோனியாவை அகற்றுபவை, வடிகட்டியின் பஞ்சிலும் சரளைக் கற்களின் மேற்பரப்பிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிரிகள் ஆகும். நைட்ரோசோமோனாசு போன்ற பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டை வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை முன்னிரண்டையும் விட மிகக் குறைவு. அவ்வப்போது நீர் மாற்றுவதாலும் செடிகளாலும் அது கட்டுக்குள் இருக்கும்.

1850 ஆம் ஆண்டில் இங்கிலாந்து வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன், நீர்ச்செடி, நத்தை ஆகியவற்றை ஒரே தொட்டியில் வைத்து அவற்றிற்கிடையேயான சமநிலையை விளக்கினார். ஆனால், அவர் முதன்மையாக நோக்கியது ஆக்சிசன் (உயிர்வளி), கரிவளி ஆகியவற்றின் சமநிலையையே. நைட்ரசனை மாற்றும் நுண்ணுயிரிகளை 1890 வாக்கில் உருசிய அறிவியலாளர் செர்கே வினோகிராட்சுகி பிரித்தெடுத்த பின்னரே இச்சுழற்சி தெளிவாயிற்று. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது, நெடுங்காலம் நம்பப்பட்டதுபோல் நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோசுபைரா என்பதை 1990களின் இறுதியில் நடந்த ஆய்வுகள் காட்டின. நைட்ரோசுபைராவில் சில வகைகள் அமோனியாவைத் தனித்தே நைட்ரேட்டு வரை மாற்ற வல்லவை என்பது 2015 இல் கண்டறியப்பட்டது.

புதிய தொட்டியில் இந்நுண்ணுயிரிகள் போதிய அளவில் இருப்பதில்லை. அவை மெதுவாகவே பெருகும். 25 முதல் 28 பாகை செல்சியசு வெப்பநிலையில் நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகலாம். தொட்டியில் நீர் நிரப்பி, மறுநாளே பத்து மீன்களை விடும்போது நிகழ்வதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். கற்களும் மேல்விளிம்பு இடைவெளியும் போக, நீர் ஏறத்தாழ 45 லிட்டர். நாளொன்றுக்கு 1 கிராம் உணவு இடப்படுவதாகவும், அதில் 40 விழுக்காடு புரதம் இருப்பதாகவும் கொள்க. புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரசன். எனவே உணவில் உள்ள நைட்ரசன் 64 மில்லிகிராம். அதில் பாதியளவு அமோனியாவாக வெளியேறினால், நீரில் நாள்தோறும் லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 மில்லிகிராம் சேரும். மூன்றாம் நாள் அது 2 மில்லிகிராமைக் கடக்கும். கடையில் நலமாக இருந்த மீன் வீட்டில் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ இறப்பதற்கு இதுவே பெரும்பாலும் விளக்கம். கடைக்காரர் நோயுற்ற மீனை விற்றுவிட்டார் என்ற முடிவு பல வேளைகளில் தவறானது.

அமோனியா குறையத் தொடங்கியதும் நைட்ரைட்டு உயர்கின்றது. இது மீனின் குருதியில் உள்ள ஈமோகுளோபினை ஆக்சிசன் ஏந்த இயலாத வடிவத்திற்கு மாற்றுவதால், நீரில் ஆக்சிசன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். செவுள்கள் பழுப்பு நிறம் கொள்ளும். குளோரைடு அயனிகள் செவுளில் நைட்ரைட்டு நுழைவதைத் தடுப்பவை. எனவே, லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை கல்லுப்பைக் கரைத்து இடுவது உதவும். நைட்ரைட்டை இது நீக்குவதில்லை. மீனைக் காக்கின்றது, அவ்வளவே.

தூய்மையால் வரும் இறப்பு

மாதம் ஒரு முறை மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியின் நீர் முழுவதையும் கொட்டி, கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மிகுந்த அக்கறையுடன் செய்யப்படும் இப்பணியே பல தொட்டிகளில் தொடர் இறப்பின் காரணமாகும். கழுவும்போது நுண்ணுயிரிகள் பெரும்பாலும் அகற்றப்படுகின்றன. எஞ்சியவற்றைக் குழாய் நீரின் குளோரின் கொல்கின்றது. தொட்டி மீண்டும் புதுத்தொட்டி ஆகிவிடுகின்றது. சில நாட்களில் மீன்கள் இறக்க, தொட்டி அழுக்காக உள்ளது எனக் கருதி மீண்டும் கழுவுவர். இச்சுழல் மாதக்கணக்கில் தொடரக்கூடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாகப் பிழிந்து எடுத்தால் போதுமானது. அதில் தங்கும் பழுப்பு நிறப் படிவு அருவருப்பாகத் தோன்றினாலும், தொட்டியின் மிக மதிப்புள்ள பகுதி அதுவே.

பிஎச் மதிப்பும் பழைய தொட்டியும்

நீரில் அமோனியா இரு வடிவங்களில் உள்ளது: நச்சுமிகு அமோனியா, தீங்கு குறைந்த அமோனியம் அயனி. இவற்றின் விகிதத்தை முதன்மையாக பிஎச் மதிப்பு தீர்மானிக்கின்றது. 25 பாகை செல்சியசில் பிஎச் 7 ஆக இருக்கும்போது மொத்தத்தில் அரை விழுக்காட்டிற்குச் சற்று மேல் மட்டுமே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 இல் அது ஏறத்தாழ 5 விழுக்காடு. வெப்பநிலை உயர்ந்தாலும் இவ்விகிதம் உயரும். ஆகவே, சோதனையில் ஒரே அளவு அமோனியா காட்டும் இரு தொட்டிகளில் ஒன்றில் மீன்கள் நீந்தவும் மற்றொன்றில் மடியவும் கூடும்.

ஆண்டுக்கணக்கில் சிக்கலின்றி இயங்கிய தொட்டி, ஒரு நாள் நீர் மாற்றியவுடன் மீன்களை இழப்பதும் இதனாலேயே. நுண்ணுயிரிகள் அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகி, நீரின் காரத்தன்மை செலவாகின்றது. ஒரு கிராம் அமோனியா நைட்ரசனுக்கு ஏறத்தாழ 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான காரத்தன்மை தேவை. ஆவியான நீரை ஈடு செய்வதோடு நிறுத்தி, நீரை மாற்றாமல் விட்டால் காரத்தன்மை தீர்ந்து, பிஎச் 6 அல்லது அதற்கும் கீழே இறங்கும். அந்நிலையில் நுண்ணுயிரிகளின் செயல்பாடு தளர, அமோனியம் சேரத் தொடங்கும். அமில நீரில் அது தீங்கின்றிக் கிடக்கும். பின்னர் ஒரு நாள் உரிமையாளர் பிஎச் 8 கொண்ட குழாய் நீரைப் பாதித் தொட்டி அளவு ஊற்றியதும், தீங்கற்றுக் கிடந்த அமோனியத்தில் கணிசமான பகுதி நச்சு அமோனியாவாக மாறிவிடும். புதுநீரே நஞ்சு என்று தோன்றும். உண்மையில் நஞ்சு பழைய நீரில் காத்திருந்தது. இத்தகைய தொட்டியில் நாளொன்றுக்குப் பத்து விழுக்காட்டிற்கு மேல் நீர் மாற்றாமல், ஒன்றிரண்டு கிழமைகளில் படிப்படியாக மீட்பதே ஏற்றது.

நீரின் மூலம்

நகராட்சிக் குழாய் நீரிலும் லாரி நீரிலும் நோய்க்கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகின்றது. மனிதருக்குத் தீங்கற்ற அந்த அளவே மீனின் செவுளைச் சிதைக்கப் போதுமானது. சோடியம் தயோசல்பேட்டு கொண்ட குளோரின் நீக்கி அதனை உடனே செயலிழக்கச் செய்யும். அது இல்லையெனில், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் காற்றேற்றி வைக்கலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லாவிடினும், ஆக்சிசன் குறைந்தும் கரிவளி மிகுந்தும் இருக்கக்கூடும். காற்றுப்பட்டதும் அதன் பிஎச் உயரும். எனவே, அதனையும் ஒரு நாள் காற்றேற்றிய பின்னரே பயன்படுத்த வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் மீனுக்கும் 'நல்ல தண்ணீர்' தர எண்ணிக் கேன் தண்ணீரை மட்டும் பயன்படுத்துவோர் உளர். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிக்கப்பட்ட அந்நீரில் உப்புகளும் காரத்தன்மையும் மிகக் குறைவு. மேற்கூறிய பிஎச் வீழ்ச்சி அதில் விரைவில் நிகழும்.

ஆக்சிசன் குறைவு

நீர் சூடேறும்போது அதில் கரையும் ஆக்சிசன் குறைகின்றது. 20 பாகை செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராமும், 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமும் கரையும். கோடைக்கால மின்தடையின்போது நீரோட்டம் நின்று, நெருக்கமாக மீன்கள் உள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே திணறல் ஏற்படும். மூடிய வடிகட்டி பல மணி நேரம் நின்றால், அதனுள் இருக்கும் நுண்ணுயிரிகளும் மடியும். செடிகள் அடர்ந்த தொட்டியில் ஆக்சிசன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்னர். இரவில் செடிகளும் மூச்சுவிடுவதே காரணம். கௌராமியும் சண்டை மீனும் நீர்ப்பரப்பிற்கு வந்து காற்றை நேரடியாக உட்கொள்ள வல்லவை. ஆதலால், இவை நலமாக இருக்கப் பிற மீன்கள் மட்டும் விடியலில் இறந்து கிடந்தால் ஆக்சிசன் குறைவை முதலில் ஐயுறலாம்.

வெளி நஞ்சுகள்

கொசு விரட்டிகளிலும் கரப்பான் தெளிப்பான்களிலும் உள்ள பைரித்திராய்டு வகைச் சேர்மங்கள் மீன்களுக்குக் கடும் நஞ்சு. காற்றேற்றி அறைக் காற்றையே உறிஞ்சி நீருக்குள் செலுத்துவதால், அதே அறையில் இவற்றைப் பயன்படுத்துதல் கூடாது. சவர்க்காரம் படிந்த வாளியும் கையும் இவ்வகையில் அடங்கும்.

நோய்

வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி, மீனின் தோலில் வளர்ந்து, பின் உதிர்ந்து, அடிப்பரப்பில் நூற்றுக்கணக்காகப் பிரிந்து மீண்டும் மீனைத் தேடும். மருந்து நீரில் நீந்தும் பருவத்தை மட்டுமே கொல்லும். எனவே, புள்ளிகள் மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். புதிய மீனைத் தனித் தொட்டியில் இரண்டு முதல் நான்கு கிழமைகள் வைத்திருப்பதே சிறந்த தடுப்பு முறை. சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் மெத்திலீன் நீலமும் வடிகட்டியின் பாக்டீரியாக்களையும் பாதிப்பவை. நீரைச் சோதிக்காமல் இவற்றை ஊற்றினால், நோயில்லாத தொட்டியில் அமோனியாச் சிக்கல் புதிதாகத் தோன்றும்.

காரணத்தைக் கண்டறிதல்

இறப்பு நிகழ்ந்த நேரமே முதல் தடயம். விட்ட ஓரிரு நாட்களில் புதிய மீன் மட்டும் இறந்தால், பயணமும் நீர் வேறுபாடும் காரணமாகலாம். நெடும்பயணப் பையில் கரிவளி சேர்ந்து பிஎச் தாழ்ந்திருக்கும். பையைத் திறந்ததும் அது உயர்ந்து, பையிலுள்ள அமோனியா நச்சாகும். ஆகவே பையைத் திறந்த பின் நெடுநேரம் வைத்திருத்தலும், பையின் நீரைத் தொட்டியில் ஊற்றுதலும் நன்றன்று. புதுத்தொட்டியில் முதல் இரு கிழமைகளில் அமோனியாவும், அடுத்த இரு கிழமைகளில் நைட்ரைட்டும் ஐயத்திற்குரியவை. நீர் மாற்றிய சில மணி நேரத்தில் இறந்தால் குளோரின், வெப்பநிலை, பிஎச் ஆகியவற்றை நோக்க வேண்டும். எல்லா இனங்களும் ஒரே நாளில் மடிந்தால் அது நோயாக இருப்பது அரிது. ஓரினம் மட்டும் நாளுக்கு ஒன்றாகக் குறைந்து வந்தால் நோயோ பிற மீன்களின் தாக்குதலோ காரணமாகலாம். மீன்களை எண்ணிப் பார்த்தலும் தேவை. கல்லுக்குப் பின்னால் இறந்து அழுகும் ஒரு சக்கர் மீன், சிறிய தொட்டி முழுவதையும் நச்சாக்கப் போதுமானது.

துளிச் சோதனைப் பெட்டியால் அமோனியா, நைட்ரைட்டு, பிஎச் மூன்றையும் அளந்து, நாளிட்டு எழுதி வைத்தல் வேண்டும். அதே சோதனையைக் குழாய் நீரிலும் செய்து ஒப்பிடலாம்.

உடனடி நடவடிக்கை

இறந்த மீனை அகற்றி, உணவை இரண்டு மூன்று நாட்கள் நிறுத்திக் காற்றேற்றத்தைக் கூட்ட வேண்டும்; நலமான வளர்ந்த மீன் அத்தனை நாட்கள் உணவின்றி எளிதில் வாழும். அமோனியாவோ நைட்ரைட்டோ மிகுந்திருந்து, பிஎச் தாழ்ந்திராவிட்டால், குளோரின் நீக்கிய, ஒத்த வெப்பநிலையுள்ள நீரால் பாதியை மாற்றலாம். பாதி மாற்றினால் நஞ்சும் பாதியே குறையும். 2 மில்லிகிராம் அளவு, இருமுறை மாற்றிய பின் 0.5 ஆகும். வடிகட்டியைக் கழுவக் கூடாது. நோயற்ற, நன்கு இயங்கும் வேறொரு தொட்டியிலிருந்து பயன்பட்ட பஞ்சுத் துண்டு கிடைத்தால், அதனை ஈரம் உலராமல் கொணர்ந்து வடிகட்டியில் இடுவது நுண்ணுயிரிகள் பெருகும் காலத்தை வெகுவாகக் குறைக்கும்.

அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரு கிழமை தொடர்ந்து சுழியமாக இருந்த பின்னரே புதிய மீன் வாங்கலாம். அப்போதும் இரண்டு அல்லது மூன்று சிறிய மீன்களை மட்டும் விட்டு, பத்து நாட்கள் அளந்து பார்த்த பின் அடுத்தவற்றைச் சேர்க்க வேண்டும்.