வாசனை ஒன்றுதான், சரக்கும் ஒன்றா?

ஆடி கழிந்ததும் நம் பக்கத்துக் கடைகளில் தீபாவளிச் சரக்குப் பேச்சு ஆரம்பமாகிவிடும். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் போனஸ் பணம் கைக்கு வந்தவுடன், துணி எடுத்த கையோடு ஒரு சென்ட் பாட்டிலும் கேட்கும் இளவட்டங்கள் இன்று அதிகம். மளிகைக் கடைக்காரர்களும் அதை வைக்காமல் தீராது.

ஏஜென்ட் இரண்டு மாதிரிகளைக் கொண்டுவந்து வைக்கிறார். இரண்டும் ஒரே வாசனை, ஏறத்தாழ ஒரே விலை. எதை எடுப்பது?

முதலில் கேஸ் உள்ளதா, இல்லாததா என்று பார்க்க வேண்டும். 1999-ல் இந்துஸ்தான் லீவர் இங்கே கொண்டுவந்த ஆக்ஸ், கேஸ் டின் வகை. 2011-ல் அகமதாபாத் வினி நிறுவனம் இறக்கிய ஃபாக், 'கேஸ் இல்லை' என்று சொல்லியே விற்றது. கேஸ் டின்னில் போட்டிருக்கும் நிகர அளவில் கேஸும் சேர்த்தி. பம்ப் பாட்டிலில் அளவு முழுவதும் திரவம். ஆனால் அடித்தவுடன் ஜில்லென்று இருக்கிறது என்பதற்காகவே கேஸ் டின் கேட்கிறவர்களும் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா?

அடுத்தது முகர்ந்து பார்ப்பது. வற்றல், மல்லி, பெருங்காயம் அடுக்கிய குடோனுக்குள் நின்றுகொண்டு சென்ட் பார்ப்பது வீண் வேலை. நாங்கள் காலையில் வெளியே காற்றாட நின்று, ஒரு மணிக்கட்டில் ஒன்று, மறு மணிக்கட்டில் இன்னொன்று அடித்துக்கொள்கிறோம். தேய்ப்பதில்லை. முதல் கால் மணி நேரம் தெரிவது ஸ்பிரிட்டும் எலுமிச்சை போன்ற லேசான வாசனையும்தான். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. சந்தனம், கஸ்தூரி போன்ற கனத்த வாசனைகள் பிறகுதான் மேலே வரும். அடித்தவர் மூக்கு பழகிப்போகும் என்பதால், மதியம் கணக்குப்பிள்ளையை முகரச் சொல்கிறோம். காலையில் இரட்டைப் பிள்ளை போல் இருந்தவற்றில் ஒன்று அதற்குள் காணாமல் போயிருக்கும். நம் ஊர் வெயிலில் நிற்பதுதான் சரக்கு.

லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், தயாரித்த மாதம், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வரும் சரக்கை, எவ்வளவு கமிஷன் தந்தாலும் தொடாதீர்கள்.

இன்னொன்று, நம் வட்டாரத்துக்கு முக்கியமானது. இந்த டின்களில் பெரும்பாலும் இருப்பது சமையல் சிலிண்டரில் உள்ள அதே வகை எரிவாயு. 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று டின்னிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தகரக் கூரைக்கு அடியில் அடுக்காதீர்கள். கேஸ் இல்லாத பாட்டிலும் ஆல்கஹால்தான், அதுவும் தீப்பற்றும். பட்டாசு வைக்கும் இடத்தில் இரண்டுமே கூடாது. சாமி படத்து விளக்குக்குக் கீழ் அலமாரியிலும் வைக்க வேண்டாம்.

ஆரம்பத்தில் வகைக்கு ஒரு டஜன் போதும். எது திரும்பக் கேட்கப்படுகிறது என்று புரட்டாசிக்குள் தெரிந்துவிடும்.