உலகு சூழ்ந்த கப்பலும் மலாக்கா அடிமையும்

கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியே வருகின்றன. அந்நீரிணைக்குப் பெயர் தந்த மலாக்கா நகரைப் போர்ச்சுகீசியர் 1511-இல் கைப்பற்றினர். அப்போரில் பங்குகொண்ட மகெல்லன், அங்கே என்ரீக் என்னும் இளைஞனை அடிமையாகப் பெற்றார்.

1519-இல் ஸ்பெயின் மன்னருக்காக 5 கப்பல்களுடன் மகெல்லன் மேற்கு நோக்கிப் புறப்பட்டபோது என்ரீக்கும் உடன் சென்றான். தென் அமெரிக்கக் கரையில் மூண்ட கலகத்தை மகெல்லன் கடுமையாக அடக்கினார். ஒரு கப்பல் உடைந்தது. மற்றொன்று நழுவி நாடு திரும்பியது. எஞ்சிய மூன்றும் பசிபிக் பெருங்கடலைக் கடக்க 3 மாதங்களுக்கு மேலாயின. புழுத்த ரொட்டித் தூளும், மரத்தூளும், கடல்நீரில் ஊறவைத்துச் சுட்ட தோலும் உணவாயின, எலியும் விலைபோயிற்று. ஈறு வீங்கி, உண்ண இயலாமல் பலர் மாண்டனர். இது வைட்டமின் சி குறைவால் வரும் நோய் என்பதை இன்று அறிவோம்.

1521-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தபோது, என்ரீக் பேசிய மலாய் அங்குள்ளோர்க்கு விளங்கிற்று. மேற்கே சென்றும் கீழ்த்திசையை அடையலாம் என்பதற்கு அம்மொழியே சான்றாயிற்று.

தாம் இறந்தால் என்ரீக் விடுதலை பெறவேண்டும் என மகெல்லன் உயில் எழுதியிருந்தார். ஏப்ரல் 27-இல் மாக்டான் போரில் அவர் வீழ்ந்தார். அடுத்துத் தலைமையேற்ற பார்போசா அவ்வுயிலை மதியாது, அடிமையாகவே இருக்கவேண்டும் என்று என்ரீக்கை அதட்டினார். சில நாள்களுக்குள் சிபு மன்னன் அளித்த விருந்தில் பார்போசா உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். என்ரீக்கே இதற்கு உடந்தை என்கிறார், உடன் சென்று பயண வரலாறு எழுதிய பிகபெட்டா.

1522-இல் எல்கானோ தலைமையில், விக்டோரியா என்னும் ஒரே கப்பல் 18 ஐரோப்பியருடன் உலகைச் சுற்றி ஸ்பெயின் சேர்ந்தது. பசியையும் பெருங்கடலையும் துணிவு வென்றது. தலைவன் தந்த வாக்கைக் காவாதாரை அத்துணிவு காக்கவில்லை.